பச்சையாகாத பீப்பாய்

பீப்பாய் பச்சையாகவில்லை.

ஜெயினுலாப்தீன் முதலாளி குனிந்து பார்த்தார். கலக்கும்போது எப்படி ஆரஞ்சாக இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படியே கிடந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாக்கடை நிறம்.

பைக்ரோமேட்டில் ஆசிட் விட்டு வெல்லக் கரைசலை ஊற்றினால், பொங்கிப் பொங்கி அடங்கிப் பாசிப்பச்சை ஆகவேண்டும். அந்தப் பச்சையில் ஊறினால்தான் தோல் பதமாகும். இல்லாவிட்டால் அழுகி, தாராவியே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பைக்ரோமேட்டுக்கு ஆக்சிஜனேற்றி என்றும், வெல்லத்துக்கு ஒடுக்கி என்றும் பெயர். தோல் பதனிடும் இந்த டேனரியில் சுருக்கமாக, ஒருத்தன் வாங்குகிறவன், ஒருத்தன் கொடுக்கிறவன். கொடுக்கிறவன் சரக்கு குறைந்தால் வாங்குகிறவன் முகம் மாறாது. இதைத் தெரிந்துகொள்ள வேதியியல் வேண்டாம், மாட்டுங்கா மார்க்கெட்டில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

ஆக, வெல்லம் குறைந்திருக்கிறது.

வெல்ல அறைக்கு இரண்டு சாவி. ஒன்று முதலாளியின் இடுப்பு பெல்ட்டில். மற்றது மேஸ்திரி பூலோகத்திடம். கலவை போடுவதும், நிறம் பார்த்துப் பதம் சொல்வதும் அவன்தான். அவன் 'ஆச்சு' என்றால்தான் தோல் உள்ளே போகும்.

சர்க்கரைக்காக ரேஷன் கடையில் சட்டை கிழிந்த வருஷம் அது. வெல்லத்துக்குத் திடீரென்று கௌரவம் வந்திருந்தது. திருடன் யாரென்று முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. ஒரு சாவி தன்னிடம். தான் திருடன் இல்லை. மீதி ஒரு சாவிதான்.

மூட்டையில் இருந்ததை இருந்தபடி கரைத்து ஊற்றினேன் என்றான் பூலோகம். பச்சைத்தோலுக்குப் பக்கத்தில் கிடக்கிற வெல்லத்தை நாய்கூட மோந்து பார்க்காது என்றும் சொன்னான்.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. அது கோலாப்பூர் வெல்லம், மேலாகச் சுரண்டிப் போட்டுவிட்டால் உள்ளே தேன் மாதிரி இருக்கும், வாடையே ஏறாது என்று வாதாடினார். வாதத்தில் ஜெயித்த வேகத்தோடு, சாவியை வைத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறச் சொன்னார்.

பூலோகம் சாவியைக் கொடுக்கவும் இல்லை, மடியில் செருகவும் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளை லேபர் கேம்புக்குக் கூட்டிவந்து இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை.

அப்போது டேனரியை ஒட்டியிருந்த முதலாளி வீட்டுக் கதவு திறந்தது. அவர் பீவி மதீனா வந்தாள். சண்டை அவளுடைய அடுப்படிவரை கேட்டிருந்தது. கையில் இடுக்கி, இடுக்கியில் ஒரு கண்ணாடிக் குழாய், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. அவர் சிறுநீரில் சில சொட்டுகளை நீல மருந்தில் விட்டுத் தினமும் காலையில் கொதிக்கவைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் சயான் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த மருந்தும் வாங்குகிற இனம்தான். சர்க்கரை கிடைக்காவிட்டால் நீலமாகவே இருக்கும். கிடைக்கக் கிடைக்கப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறும். ஆறு மாசமாக வீட்டில் இனிப்பை அவர் கண்ணிலேயே காட்டவில்லை.

இன்று குழாய் செங்கல் நிறத்தில் இருந்தது.

மகள் பெயரை முன்னால் வைத்துத்தான் அவள் புருஷனைக் கூப்பிடுவாள்.

"ஹபீபா வாப்பா, நீங்க தேடுத வெல்லம் இதுல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக வேலையாட்கள் நாலு பேர் அவசரமாகத் தோல்களை எண்ண ஆரம்பித்தார்கள்.

ஆனால் முதலாளி வியாபாரி. அகப்பட்ட இடத்திலும் பேரம் பேசாமல் விடமாட்டார். குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதலில் மஞ்சள் என்று கேட்டார். அவள் படியவில்லை. ஒரு படி ஏறினார்.

"செங்கலுங்காத, மதீனா. ஆரஞ்சுன்னு வச்சுக்க."

அதற்கும் அவள் இறங்கி வரவில்லை. கடைசியில் இரண்டு பேரும், நிறம் தெரிந்த ஆள் டேனரியிலேயே ஒருத்தன் இருக்கிறானே என்று, அவன் பக்கம் திரும்பினார்கள்.

பூலோகம் குழாயைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான்.

"என் சோலி இருக்கா, போச்சா? மொதல்ல அதச் சொல்லுங்க மொதலாளி. பெறவு நெறத்தச் சொல்லுதேன்."