ஆறாவது கோட்டையின் வருகைப் பதிவேடு

வீடுபோல் மாற்றியமைத்த வேனில் கோட்டை கோட்டையாகச் சுற்றிவந்த தம்பதிக்கு அது ஆறாவது கோட்டை. வருகைப் பதிவேட்டில் கணவர் எழுதுவார். ஓய்வுபெற்ற ஆசிரியையான மனைவி அதில் எல்லாரும் எழுதியதிலும் பிழை திருத்துவார். ஊர் திரும்பியதும் கணவருக்கு இதய அறுவைசிகிச்சை. அந்தப் பயத்தை ஆசிரியை வழியெங்கும் விழுங்கிக்கொண்டே வந்தார்.

அன்று கணவர் வேனைவிட்டு இறங்காமல் தேநீர் போட்டுக்கொண்டிருந்ததால், ஆசிரியை தனியாகவே பதிவேட்டைத் திறந்தார். கடைசி வரி கணவரின் கையெழுத்தில் இருந்தது: அவர்கள் பெயர்கள், ‘இருவர்’; வந்த தேதி மட்டும் அடுத்த ஆண்டின் இதே நாள்.

“இதை யாருப்பா எழுதினது?” என்று வாசல் காவலாளியிடம் கேட்டார்.

“நீங்க ரெண்டு பேருந்தானேம்மா, இப்பதான் எழுதினீங்க. சார் மூச்சு வாங்காம அத்தனை படியும் ஏறினாரே!” என்றார் காவலாளி.

“டீச்சரம்மா, டீ ஆறுது! ஊரார் பிழையெல்லாம் திருத்தியாச்சா?” என்று கணவர் வெளியிலிருந்து கூவினார்.

“பிழையே இல்லைங்க,” என்று ஆசிரியை பதிவேட்டை மூடினார். விரலில் ஈர மை ஒட்டியிருந்தது.