கொழுப்பு யாருக்கு?

"வயிறு காலியா இருந்தாத்தான்யா ரத்தம் உள்ளதச் சொல்லும்..." கல்லூரியில் பேராசிரியர் இப்படித்தான் ஆரம்பிப்பார். அப்புறமும் என்னமோ சொல்வார். டாக்டர் வெங்கடேசனுக்கு மீதி மறந்துவிட்டது. நினைவிருந்த பாதியை வைத்துக்கொண்டு பண்ணையாள் இருசம்மாளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலத்திலிருந்து மாடு, ஆடு, பன்னி எதுக்கும் எதுவும் போடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம் இதென்ன?"

மேசைமேல் நாலு கண்ணாடிக் குழாய்கள். பசு, வெள்ளாடு, பன்றி, மனிதன். ரத்தத்தைச் சுழற்றி நிறுத்தினால் சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பிளாஸ்மாவில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று இனத்துக்கு இனம் ஒப்பிடுவது டாக்டரின் ஆராய்ச்சி.

மூன்று குழாய்கள் தெளிவாக இருந்தன. ஒன்று மட்டும் பால் ஊற்றினதுபோல் வெளுத்திருந்தது. தின்ற கொழுப்பு.

"பன்னி ரத்தம்தான் இப்படிக் காட்டிக் கொடுக்கும். உண்மையச் சொல்லு. போட்டியா?"

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த அந்தப் பண்ணையில் இருசம்மாளுக்குத் தினக்கூலி. அதில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

"போட்டேன் சார்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"இன்னாத்தக் கேக்கறது? பசியில கண்ணு உள்ள போயிருந்திச்சி. பாத்துக்கினு சும்மா இருக்க முடியுமா?"

"என்ன போட்டே?"

"சோறுதான். ஆட்டுக்கறிக் கொழம்பு ஊத்தி."

"கறிக்குழம்பா! அது என்ன, விருந்தாளியா? என் மூணு மாச உழைப்பு போச்சு. எவ்வளவு கொழுப்பு உனக்கு! நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

இருசம்மாள் முழித்தாள்.

"பன்னிக்கு எவ சார் போட்டா? ஒங்களுக்குத்தான் போட்டேன்."

"எனக்கா?"

"இட ஒதுக்கீடு கேட்டு ரோட்ல மரத்த வெட்டிச் சாச்சிட்டாங்க, பஸ் இல்லன்னு தியாகதுருகத்திலேர்ந்து நடந்தே வந்தீங்களே, கோழி கூவற நேரத்துக்கு? ஓட்டலும் இல்ல. எங்க வூட்டுச் சட்டியத் தூக்கியாந்து போட்டேன். வழிச்சி வழிச்சித் துன்னீங்க. மாடு, ஆடு, பன்னின்னுதான் சொன்னீங்க. ஒங்களச் சேக்கலியே சார்?"

டாக்டர் வெளுத்த குழாயைத் திருப்பினார். பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் அவர் கையெழுத்து: மனிதன். வேறு ஆள் கிடைக்காமல், காலையில் தன் கையிலிருந்தே எடுத்த ரத்தம்.

அந்தக் குழாயைக் கொண்டுபோய்க் கழுவினார்.

"அப்ப நாளைக்கு வரட்டுமா, வேணாமா சார்?"

"வா." அவர் திரும்பவில்லை. "நாளைக்கு நான் மறுபடி என் ரத்தம் எடுத்தப்புறம், அந்தச் சட்டியில மிச்சம் இருந்தா எடுத்துட்டு வாம்மா."

அன்றிரவு பட்டினி கிடப்பதென்று டாக்டர் முடிவு செய்தார்.