கூட்டிச் சொல்லாத வசனம்

"இந்த எழுத்து ஏன் நிமிர்ந்து நிக்குதுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?"

ரபேல் அங்கிள் இப்படிக் கேட்டதும் நைஜலுக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு. எழுத்து நிமிர்ந்துதான் நிக்குது. உக்காந்து உக்காந்து இவன் முதுகுதான் வளைஞ்சு போச்சு.

பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டுல அங்கிள் வீட்டு ஹால். வெள்ளைப் பலகையில வேதாகமத்தோட முதல் வசனம், எபிரேய எழுத்துல. எதிர்ல நாலு ஆன்டிங்க. அதுல ஒருத்தங்க நைஜலோட அம்மா மகதலேனா.

பழைய யூத ஞானிங்க கணக்குல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணு இருக்காம். எழுத்தோட வடிவத்துல ஒரு ரகசியம், எண்ணுல ஒரு ரகசியம். எல்லாத்தையும் கூட்டினா வசனத்தோட உள்ளர்த்தம் தெரிஞ்சுருமாம்.

ஆனா மனுசன் கூட்டவே மாட்டேங்குறாரு. மாசக்கணக்கா அதே வசனம். இந்த வேகத்துல போனா ஏதேன் தோட்டத்துக்குப் போறதுக்குள்ள நைஜலுக்கு பேரன் பொறந்துருவான்.

அதுவும் வாரத்துல மூணு நாள். புதன், சனி, ஞாயிறு. மாமா கார இரவல் வாங்கி, கிள்ளான்லேர்ந்து அம்மாவ ஏத்திக்கிட்டு, ஜேம்ல ஊர்ந்து வரணும்.

"ஏன் அங்கிள், திங்கக்கிழமை வச்சா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?"ன்னு ஒரு தடவை கேட்டான்.

"இந்த மூணு நாள்தான்யா விசேஷம்"னுட்டாரு.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். அப்பா தவறினதுக்கப்புறம் அம்மா யாருக்கும் தெரியாம நாலு இலக்க நம்பர் லாட்டரி வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. கனவுல பாம்பு வந்தா அதுக்கு ஒரு நம்பர். ரோட்டுல லோரி கவுந்தா அந்த லோரி நம்பர். ஒருநாள் வாசல்ல இவன் மோட்டார் சைக்கிளக் காணோம். வித்துட்டாங்க. அப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு.

அப்புறம் ரபேல் அங்கிள் வந்து அம்மாவ இந்த கிளாஸ்ல சேத்தாரு. அம்மாவோட நம்பர் கூட்டாளிங்க மூணு பேரையும் கூடவே பிடிச்சுட்டு வந்தாரு. அன்னையிலேர்ந்து அம்மா ஒரு டிக்கெட்டு கூட வாங்கல. வேதத்தோட மகிமைன்னு நைஜலும் பல்லக் கடிச்சுக்கிட்டு கார் ஓட்டுறான்.

ஆனா இன்னைக்கு முடியல. செராஸ்ல இவன் காதலிக்கிற வலேரி வீட்டுல முதல் முதலா சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. படிப்ப பாதியில விட்டவன்னு அவ அப்பா ஏற்கனவே முறைக்கிறாரு. லேட்டா வேற போனா சோறு கிடைக்கும், பொண்ணு கிடைக்காது.

"அங்கிள், இன்னைக்காவது முடிப்பீங்களா?"

"கடைசி எழுத்துதான்யா பாக்கி. இதே எழுத்து நடுவுல வந்தா குனிஞ்சு நிக்கும். கடைசியில வந்தாத்தான் நிமிரும். தாழ்மையா இருந்த நீதிமான், கடைசியில..."

"கடைசியில பாயி தலகாணி குடுங்க அங்கிள், இங்கயே படுத்துக்கிறோம்."

அமுதவள்ளி ஆன்டி வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. அங்கிள் சுவர் கடிகாரத்தப் பாத்தாரு.

"சரி, ஆளுக்கு ஒரு டீ குடிச்சிட்டு..."

"ரெண்டு டீ ஆச்சு லா, அங்கிள்."

"அப்ப மைலோ போடவா?"

நைஜல் எழுந்துட்டான். போன எடுத்தான். பலகையில ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழயும் அங்கிள் எழுதி வச்சிருந்த எண்ணுங்கள வரிசையா தட்ட ஆரம்பிச்சான்.

அங்கிள் முகம் வெளுத்துப் போச்சு. "வேணாம்யா நைஜல். கூட்டாத."

"கூட்டினா வானம் இடிஞ்சு விழுந்துருமா? இந்தாங்க, ரெண்டாயிரத்து எழுநூத்து ஒண்ணு. முடிஞ்சுது. ஆமென்."



"ரெண்டு, ஏழு, சைபர், ஒண்ணு..."ன்னு அம்மா மெதுவா சொல்லிப் பாத்தாங்க.

அடுத்த நொடி நாலு நாற்காலியும் ஒண்ணா நகர்ந்துச்சு. முடிவு ஜெபம் கூட சொல்லல. வாசல்ல யார் செருப்ப யார் மாட்டினாங்கன்னு தெரியல.

"நைஜல், நீ கார எடு. கீழ ரொட்டி வாங்கிட்டு வந்துர்றேன்." முட்டி வலின்னு எப்பவும் லிஃப்டுக்கு காத்திருக்கிற அம்மா, தடதடன்னு படிக்கட்டுல இறங்கினாங்க.

நைஜல் காலரத் தூக்கி விட்டுக்கிட்டான். "பாத்தீங்களா அங்கிள்? ஒரு நிமிஷ வேலை. இதப் போயி இத்தன மாசமா இழுத்தீங்க."

அங்கிள் தொப்புன்னு நாற்காலியில உக்காந்தாரு.

"புதன், சனி, ஞாயிறுலதான் லாட்டரி நம்பர் குலுக்குறான். கீழ இருக்கிற நம்பர் கடைய ஏழு மணிக்கு அடைச்சிருவான். இன்னும் பத்து நிமிஷம் என்னைய பேச விட்டிருக்கக் கூடாதாய்யா?"