சாம்பல் நிறப் படை

"அந்தப் பெட்டிய கீழ வை ஆஷ்லி. அது வாணாம்."

எலைன் சொன்ன வேகத்தில் கடைக்காரர் கொர்னேலியஸே திடுக்கிட்டார்.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் விற்கும் கடை அவருடையது. மேசைமேல் குட்டிக் குட்டிப் படைவீரர்களை அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் விளையாட்டு ஒன்று, பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் பரவியிருந்தது. புதிதாய் ஆடத் தொடங்குகிறவர்களுக்கென்று இரண்டு வகைப் பெட்டிகள் வரவழைத்து வைத்திருந்தார்.

எலைனின் கணவன் ஆஷ்லி எடுத்தது ஒரு வகை. அதில் ஒரு படை சிவப்பு, எதிர்ப்படை நீலம். எலைன் காட்டியது இன்னொன்று. உள்ளே இருப்பதெல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"ஏன் வாணாம்? என் ஆபீஸ்ல எல்லாரும் இதுலதான் ஆரம்பிச்சாங்க. பிறந்தநாள் எனக்கு. ஆடப்போறவனும் நான்."

"வாங்கித் தர்றவ நான்."

"அதுல இன்னா இருக்குது? எலும்புக்கூட்டுப் படை! ஏற்கெனவே ஸ்கெலட்டன்லதான் குடியிருக்கிறோம். விளையாட்டுலயும் எலும்புக்கூடா?"

அவர்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பெயரே ஸ்கெலட்டன், அதாவது எலும்புக்கூடு. அதை வைத்து அவன் சொன்னதற்கு கொர்னேலியஸ் சிரித்தார். எலைன் சிரிக்கவில்லை.

"அங்கிள், ரெண்டு பெட்டியையும் பிரிங்க."

"பிரிச்சிட்டா வேற யாரும்மா வாங்குவாங்க? அதான் மேலயே படம் போட்டுகீதே."

"படம் எனக்கு வாணாம்."

சொல்லிக்கொண்டே அவளே உறையைக் கிழித்துவிட்டாள். கொர்னேலியஸின் முகம் சுருங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சிவப்பு வீரன் ஒருவனையும் நீல வீரன் ஒருவனையும் எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். இரண்டும் ஒரே அச்சு. கீழே வைத்தாள். பிறகு சாம்பல் பெட்டியைப் பிரித்தாள். ஒரு பக்கம் ஈட்டி பிடித்த ஒல்லி எலும்புக்கூடு, சதுரப் பீடத்தில். இன்னொரு பக்கம் கேடயம் தூக்கிய குள்ளன், வட்டப் பீடத்தில்.

"பகடையில இந்தப் புள்ளியெல்லாம் பெயின்ட்டா, குழியா?"

"இதுல குழி. அந்தப் பெட்டியில பெயின்ட். ஏம்மா?"

"அப்போ இதுதான்."

ஆஷ்லிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "பகடைப் புள்ளியப் பாத்தா பெட்டி எடுப்பாங்க? கொஞ்ச நாளாவே இவ இப்படித்தான் அங்கிள். வண்டி ஓட்டாதன்றா. இருட்டினப்புறம் தனியாப் போகாதன்றா. இப்ப நான் இன்னா விளையாடணும்னும் இவதான் சொல்லணுமா?"

"கடையில கத்தாத ஆஷ்லி."

"கத்துவேன். சிவப்பு நீலம் வாங்கலன்னா எனக்குப் பிறந்தநாளே வாணாம், போ!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். எலைனின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனாலும் சாம்பல் பெட்டியின் மேலிருந்த கையை அவள் எடுக்கவில்லை.

விருட்டென்று திரும்பிய ஆஷ்லி, பக்கத்திலிருந்த பந்துக் கூடையை இடித்துத் தள்ளினான். பந்துகள் கடையெங்கும் உருண்டன. அவன் நிற்காமல் வெளியே போனான்.

கொர்னேலியஸுக்குப் பொறுமை போய்விட்டது. "புருஷன் ஆசைப்பட்டுக் கேக்கறான். விட்டுக் குடுத்தா இன்னாம்மா? இப்பப் பாரு, கூடைய ஒதச்சிட்டுப் போறான்."

"ஒதைக்கல அங்கிள்." எலைன் குனிந்து பந்துகளைப் பொறுக்கினாள். "அந்தக் கூடை அவன் கண்ணுக்குத் தெரியல."

கொர்னேலியஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"பக்கவாட்டுப் பார்வை போயிடிச்சு. நேராத் தெரியறதும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுமாம். மருந்து இல்லன்னு டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு அவன் நம்பிக்கினு இருக்கான். பிறந்தநாள் முடிஞ்சதும் நானே சொல்லிடுவேன். சொல்ற அன்னிக்கு, கையால தொட்டே ஆடற மாதிரி ஒண்ணாவது வீட்ல இருக்கணும் அங்கிள்."

அவர் சாம்பல் பெட்டியை மூடினார். கிழித்த மற்ற பெட்டிக்கும் அவள் பணம் நீட்டியபோது, வேண்டாமென்று தலையாட்டினார். எலைன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெரு முனையில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுத்துவரப் போனாள்.

அவள் போனதும், கொர்னேலியஸ் மீதிப் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கையில், ஆஷ்லி உள்ளே வந்தான். அவன் முகத்தைப் பார்க்க கொர்னேலியஸுக்குத் தைரியம் வரவில்லை.

"நல்ல பெட்டிதான் தம்பி எடுத்துகீது அந்தப் பொண்ணு. கோவப்படாத..."

ஆஷ்லி பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டான். கண்களை இறுக மூடிக்கொண்டான். விரல்கள் ஒரு பொம்மையின் மேல் மெதுவாக ஊர்ந்தன.

"ஈட்டி. அப்போ இது எலும்புக்கூடு." இன்னொன்றைத் தொட்டான். "இது குள்ளன். சரியா அங்கிள்?"

கொர்னேலியஸின் கையிலிருந்த பந்து நழுவி விழுந்தது.

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. "தோ வர்றேன், உன் பெட்டியத் தூக்கினு!" என்று எரிச்சலாகக் கத்தினான் ஆஷ்லி. பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"டாக்டர் எனக்குத்தான் அங்கிள் முதல்ல சொன்னார். நான் சண்டை போடாம இருந்தா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே."