மடக்குக் கத்திக்கு மதிப்பெண்

சாட்சி சொல்ல வந்த ஜெகதீசனின் மடக்குக் கத்தியை நீதிமன்ற வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார் காவலர் பொன்மலர். கட்டைவிரலால் அதைத் திறந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“இதையா சார் தினமும் பாக்கெட்ல வெச்சுக்கிட்டுச் சுத்துறீங்க?”

“பதினாறு வருஷமா இருக்கு மேடம். நல்ல கத்தி.”

பொன்மலர் மேசை டிராயரைத் திறந்தார். யாரும் திரும்பக் கேட்டு வராத கத்திகள் உள்ளே கிடந்தன. அதில் இரண்டை எடுத்து ஜெகதீசனின் கத்திக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது திறந்தா டக்குனு பூட்டிக்கும். இது பையில இருக்கிறதே தெரியாது. உங்களுது லொடலொடன்னு ஆடுது. கொஞ்சம் அழுத்தினா மடங்கி உங்க விரலத்தான் வெட்டும்.”

ஜெகதீசன் பிளாஸ்திரி ஒட்டிய விரலை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஆனாலும் மறுநாள் காலை வரிசையில் முதல் ஆளாக ஜெகதீசன்தான் நின்றார். ஆறு கடை ஏறி இறங்கி வாங்கிய புதுக் கத்தியைக் கேட்காமலேயே எடுத்து நீட்டினார். பொன்மலர் அதைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். ஜெகதீசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.