எதிர்முனை

"யக்கா, கோல் விழுந்தா எந்திரிச்சுக் கத்தணும். இது என்ன, சாவு வீடா?"

தோக்சூ ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டு சிரித்தபடிதான் கேட்டார். சுவோன் ஊர்க் கால்பந்து மைதானத்தின் தெற்கு முனையில், வெளியூர் ரசிகர்களுக்கென்று பிரித்துவிட்ட பகுதியில், அன்யாங்காரர்கள் மூவாயிரம் பேர் ஊதாத் துண்டுகளைச் சுழற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அன்யாங் ஒன்று, சுவோன் பூஜ்யம். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மேடு. பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த மேட்டைத் தாண்டி வந்து சுவோன்காரன் மண்ணில் கோல் போடுவது என்றால், தோக்சூவுக்கு அடுத்த வாரம் முழுக்கச் சோறு வேண்டாம்.

அந்த அம்மாள் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அறுபது வயது இருக்கும். மடியில் வெள்ளித்தாளில் சுற்றிய கிம்பாப் சோற்றுச் சுருள், பிரிக்காமல் கிடந்தது. கழுத்தில் ஊதாத் துண்டு. கடையில் மடித்த மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. சலவைக் கடை நடத்துகிற தோக்சூவின் கண்ணுக்கு அது தப்புமா?

"முழங்கால் வலி, தம்பி" என்றார் அந்த அம்மாள்.

"கால் வலிச்சா என்ன, கை இருக்குல்ல? தட்டுங்க!"

அவர் இரண்டு தட்டு தட்டினார். பார்வை மட்டும் எதிர்முனையிலேயே இருந்தது.

எதிர்முனை முழுக்க நீலம். அங்கே மேல்தளத்துக் கைப்பிடியில், பேருந்து நீளத்துக்கு ஒரு துணிப் பதாகை தொங்கியது. அதில் வாயெல்லாம் சிரிப்பாக ஒரு இளைஞனின் முகம். முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. பெயரோ எழுத்தோ எதுவும் இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுவோன்காரர்கள் அதைக் கட்டுகிறார்கள். யாரோ அவர்கள் கூட்டத்துத் தலைவன் என்பது அன்யாங்காரர்களின் கணிப்பு. அவனுக்கென்று தோக்சூ ஒரு பாட்டே கட்டியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஓட்டைப் பல்லா! ஓட்டைப் பல்லா!" என்று ஒலிபெருக்கியில் எடுத்துக் கொடுத்தார்.

"பல்லு எங்கே? கோலு எங்கே?" என்று மூவாயிரம் பேரும் முடித்தார்கள்.

அந்த அம்மாள் பாடவில்லை. துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில், மத்தளம் அடிக்கிற மன்ஹோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணே, அந்தப் பொம்பள நம்ம ஆளு இல்ல. அவனுங்க பாட்டு பாடறப்போ பாத்தேன், கூடவே வாயசைக்குது. ஒரு வரி தப்பல!"

"சும்மா இருடா. வயசானவங்க."

"வயசானா உளவு பாக்கக் கூடாதா? போன வருஷமும் இதே எடத்துலதான் இருந்துச்சு. தெரியாத்தனமா அவனுங்க பக்கம் உக்காந்த என் மச்சானச் சட்டையக் கழட்டித் துரத்தினாங்களே, மறந்துட்டீங்களா? நான் காவலாளிக்குச் சொல்லிட்டேன்."

தோக்சூ படியிறங்கி அந்த அம்மாளுக்கு எதிரே குந்தினார்.

"யக்கா, உங்களுக்கு எந்த ஊரு?"

"சுவோன்" என்றார் அவர். சொல்வதற்குத் தயங்கவே இல்லை.

"இது வெளியூர்க்காரங்க பக்கம். தெரிஞ்சேவா வந்தீங்க?"

"தெரிஞ்சேதான். மத்த ஊர்லேருந்து முப்பது நாப்பது பேருதான் வருவாங்க. உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. நீங்கதான் கூட்டமா வர்றீங்க. உங்களோடதான் ஒளிஞ்சுக்க முடியுது."

"கேட்டீங்களா அண்ணே? வாயாலயே ஒத்துக்குது!" என்றான் மன்ஹோ.

கீழே காவலாளி படியேறத் தொடங்கியிருந்தான். அந்த அம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்துக் கெஞ்சினார்.

"ஆட்டம் முடியற வரைக்கும் விடுங்க, தம்பி. இன்னும் இருபது நிமிஷம்தானே? வேணும்னா உங்க ஆளுங்களுக்கே கை தட்டறேன். நின்னுக்கிட்டே தட்டறேன்."

"நான் துரத்தணும்னு கேக்கல, யக்கா. அங்க உங்க சனம் இருக்கு. சேந்து பாடலாம், சேந்து அழலாம். அத விட்டுட்டு, எங்க வசவக் கேட்டுக்கிட்டு இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"அங்க உக்காந்தா துணியோட முதுகுதான் தெரியும்."

"எந்தத் துணி?"

அவர் மோவாயால் எதிர்முனையைக் காட்டினார்.

"வீட்டுல இருக்கறது அடையாள அட்டைக்கு எடுத்த படம். அவன் போனப்போ கருப்பு நாடா கட்டி வெக்க அதுதான் கெடைச்சுது. அதுல உம்முன்னு இருப்பான். இது அவன் சிநேகிதனுங்க வரைஞ்சது. அந்தப் பல்லக் கட்டிக்கடான்னு கடைசி வரைக்கும் சொன்னேன், என் புள்ள கேக்கவே இல்ல. அவன் சிரிக்கறது இங்கேருந்து மட்டும்தான் தெரியுது, தம்பி."

தோக்சூ ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், மறுபடி இறக்கிப் படியில் வைத்தார். அவருக்குப் பின்னால் மூவாயிரம் பேரும் அவர் கட்டிய பாட்டைத் தாங்களாகவே மறுபடி தொடங்கியிருந்தார்கள். பலகையில் இன்னும் அன்யாங் ஒன்று, சுவோன் பூஜ்யம்.