தெரிந்த ஒரே ஆள்

“அபூசாலி வரும்வரைக்கும் ஒருத்தரும் கை வெக்கப்படா!” என்று முகாமையாளர் இஹ்ஸான் கத்தினார்.

கல்முனைக்குடிக் கடற்கரையோரத்து ஐஸ் தொழிற்சாலையின் இயந்திர அறைக்குள் அமோனியா வாயு கசிந்துகொண்டிருந்தது. கதவு உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தது. உள்ளிருந்து யாரோ இரும்பைத் தட்டும் ஓசை கேட்டது. அன்று அவ்வறையில் கடமைக்குரியவன் புதிய ஊழியன் நிஸாம்.

வெளிச்சுவரில் நான்கு வால்வுகள் இருந்தன. உரியதை மூடினால் கசிவு நிற்கும். பிழையானதை மூடினால் குழாய் வெடிக்கும். உரியது எதுவென அறிந்தவர், ஊழியர்கள் ‘காக்கா’ என மரியாதையாக அழைக்கும் மூத்த இயந்திரப் பணியாளர் அபூசாலி ஒருவரே. நான்குக்கும் ஒரே பச்சை வர்ணத்தைப் பூசியவரும் அவரே.

அவ்வாண்டின் தொடக்கத்தில் ‘அறிவு முகாமைத்துவம்’ என்னும் திட்டம் அங்கு அறிமுகமாகியிருந்தது. ஒவ்வொருவரும் தாம் அறிந்ததை மற்றவருக்குக் கற்பிக்க வேண்டும். அவ்வாறே அனைத்தையும் கற்பித்த சக ஊழியர் சாலிஹ் அடுத்த மாதமே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் அபூசாலி இயந்திரத்தில் கைவைக்கும்போது அருகில் எவரையும் நிற்க விடுவதில்லை.

“நானும் சொல்லிக் குடுத்துப்போட்டு, சாலிஹோட சேந்து கடற்கரையில கடல கொறிக்கயா?” என்று இஹ்ஸானின் முகத்துக்கு நேரேயே சிரித்தார்.

இப்போது, இஹ்ஸானுடன் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையிலிருந்து திரும்பியிருந்த ஊழியன் ஸிராஜ், கடப்பாரை போன்ற அலவாங்கைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி ஓடினான்.

“உடைப்பம் சேர்! பொடியன் மூச்சடச்சி மௌத்தாப் போயிருவான்!”

“உடைச்சா வாயு முழுக்க மீன் அறைக்குள்ள போகும். ஏத்துமதி மீன்ரா அது!”

“மனிசன் உள்ளுக்கு இரிக்கான் சேர்!”

“நிஸாம் போனா நாளைக்கே வேற ஒருத்தன் வருவான். அபூசாலி பெரிய பள்ளிக்குப் போயிருப்பாரு, அங்க குத்பாப் பிரசங்கம் நீளம். கோல் எடு!”

ஸிராஜ் கைப்பேசியில் அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதிலில்லை.

“பள்ளிக்குள்ள சத்தத்தக் குறைச்சிருப்பாரு. திரும்ப எடு.”

தட்டும் ஓசை மெலிந்தது. பின்னர் முற்றாக நின்றது. ஸிராஜ் அலவாங்கை நிலத்தில் எறிந்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து அழுதான்.

அவ்வேளையில் தொப்பியணிந்த ஒருவன் வாயிற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். நிஸாம்! ஸிராஜ் பாய்ந்து சென்று அவனைக் கட்டியணைத்துக்கொண்டான்.

“நீ இஞ்சயா நிக்காய்?” என்றார் இஹ்ஸான். “அப்ப உள்ளுக்குத் தட்டின ஆருடா?”

நிஸாம் அடைத்திருந்த கதவைப் பார்த்தான்.

“அபூசாலிக் காக்காதானே சேர் என்னப் பள்ளிக்குத் துரத்திப்போட்டு உள்ளால பூட்டின.”